வெள்ளையனின் ஐந்தாவது பல்

மாட்டுவண்டிச் சவாரியில் ஓட்டுகிறவருக்குக் கைதட்டு, ஓடுகிற மாட்டுக்கு மாலை, பல் எண்ணுகிறவனுக்கு ஏச்சு. நான் பல் எண்ணுகிறவன். மாட்டின் கீழ்த்தாடையில் பால்பல் விழுந்து எத்தனை புதுப்பல் முளைத்திருக்கிறது என்று பார்த்து, இரண்டு பல், நாலு பல், ஆறு பல் எனப் போட்டி பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. தராசு பிடிக்கிறவர்கள், நிலம் அளக்கிறவர்கள், வரிசை எண் கொடுக்கிறவர்கள் இதை வாசித்தால் என் வயிற்றெரிச்சல் அவர்களுக்கு விளங்கும்.

அன்று ஸ்கந்தபுரத்துக்குக் கிட்ட உள்ள திடலுக்கு வந்திருந்தவர்கள்: சோடி பதினெட்டு, ஆகவே மாடு முப்பத்தாறு. சாரதிமார் பதினெட்டுப் பேர். அவர்களில் மனைவியோடு வந்தவர் ஒருவர். ஒலிபெருக்கியில் பேசுகிறவர் ஒருவர், மிருக வைத்தியர் ஒருவர், பொலிஸ்காரர் இருவர், ஐஸ்கிறீம் வாகனத்தில் இருவர். சோடி இல்லாமல் வெறும் லொறியோடு முல்லைத்தீவிலிருந்து வந்த நசீர். பிறகு நான். பார்க்க வந்த சனத்தையும் எண்ணத் தொடங்கி நானூற்றுப் பன்னிரண்டில் விட்டுவிட்டேன். அவர்கள் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

வாய் திறந்தவர்

மனைவியோடு வந்தவர் கணேசலிங்கம். நாலு பல்லுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். வலப்பக்க மாடு கறுவல் நல்ல பிள்ளை மாதிரி வாயைத் திறந்தது. நாலு பல். இடப்பக்க மாடு வெள்ளையன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. நான் மூக்கைப் பிடித்தேன், தாடையைத் தடவினேன், ஒன்றும் நடக்கவில்லை.

கணேசலிங்கம் என்னை விலக்கிவிட்டு மாட்டின் முன்னால் குந்தினார். "ராசா, ஐயா பாக்கோணுமாம்" என்று சொல்லித் தன் வாயை அகலத் திறந்தார். வெள்ளையன் அவரைப் பார்த்தது. பிறகு தானும் திறந்தது. இரண்டு வாயும் ஒரே நேரத்தில் என் முன்னால் இருக்க, எனக்குக் கண் முதலில் போனது பக்கத்தில் இருந்த வாய்க்கு. கீழ் வரிசையில் இரண்டு இல்லை. நான் கணக்கு எழுதும் கொப்பியில் பென்சில் வைத்ததைக் கண்டவுடன் கணேசலிங்கம் வாயை மூடினார். மாடும் மூடியது.

"என்ர பல்லை எழுதிப் போடாதேங்கோ ஐயா, பிறகு என்னையும் வண்டியில பூட்டி ஓட விடுவாங்கள்."

குருணை

இரண்டாம் தரம் திறந்தபோது வெள்ளையனுக்கு நாலு பல் ஒழுங்காக இருந்தது. அதற்குப் பக்கத்தில், அரிசிக் குருணை அளவில், ஐந்தாவது ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. எங்கள் திடலில் நாலுக்கு மேல் எவ்வளவு முளைத்தாலும் அது ஆறு பல்லுப் போட்டிதான். அங்கே நிற்பவை எல்லாம் இதை விட ஒரு சாண் உயரமான மாடுகள்.

"நேற்று இல்லை ஐயா. அது வைக்கல்" என்றார் கணேசலிங்கம். ஈரத் துணியால் துடைத்தேன். வைக்கோல் இல்லை. மூன்று தரம் எண்ணினேன், மூன்று தரமும் ஐந்து. அவர் முகம் செத்துப்போனது. காரணத்தை அவர் மனைவி யோகமலர் சொன்னா. அன்றைக்கு முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் வெள்ளையனை நசீருக்குக் கொடுக்கிறதென்று வீட்டில் பேச்சாம். நசீரும் சவாரிக்காரர்தான், அவருடைய இடப்பக்க மாடு கிழடாகிவிட்டது. மாடு என்ன குற்றம் செய்தது என்று அவவிடம் கேட்டேன்.

"விடியத் தொடங்கினால் இவருக்கு அதோடதான் கதை ஐயா. குளத்தில தண்ணி குறைஞ்சது, பக்கத்து வீட்டுக் கலியாணம் குழம்பினது எல்லாம் மாட்டுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நீங்கள் அஞ்செண்டே எழுதுங்கோ."

கதை நின்ற இடம்

நான் ஐந்தென்றே எழுதினேன். ஆறு பல்லுப் போட்டியில் அவரோடு ஏழு சோடி. கணேசலிங்கம் மாட்டை விரட்டுகிற துவரங்கேட்டிக் கம்பை வண்டியிலேயே வைக்கவில்லை. அவர் மாட்டுக்கு அடிப்பதில்லை, கதைப்பார். கொடி விழுந்தவுடன் ஏதோ சொல்லத் தொடங்கினார். என்ன சொன்னாரோ தெரியாது, அந்தச் சின்ன மாடுகள் இரண்டும் பெரிய மாடுகளைத் தாண்டி முன்னுக்கு வந்துவிட்டன. யோகமலர் என் பக்கத்தில் நின்று சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தா.

முடிவுக் கோட்டுக்கு முப்பது யார் தூரம் இருக்கும்போது அவர் இன்னும் கிட்டப் போய்ச் சொல்ல நினைத்து, வெள்ளையனின் காதுப்பக்கம் சரிந்தார். சரிந்தவர் புழுதிக்குள் போனார். காயமில்லை. வண்டி இன்னும் பத்து யார் ஓடியது. பிறகு வெள்ளையன் நின்றது. கதை நின்றுவிட்டதல்லவா. கறுவலையும் இழுத்துக்கொண்டு வட்டமடித்து, வந்த வழியாலேயே அவரிடம் போய், புழுதிக்குள் இருந்தவரை முகர்ந்து பார்த்தது. மற்ற ஆறு சோடியும் ஒவ்வொன்றாகக் கோட்டைக் கடக்கத் தொடங்கின. ஒலிபெருக்கிக்காரர் தன் கடமையைச் செய்தார்.

"முன்னுக்கு வந்த சோடி தன்ர சாரதியை எடுக்கத் திரும்பிப் போகுது. மற்றச் சோடியள் அதைப் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை."

நாலாம் முறை

சொன்ன சொல் சொல்தான். பின்னேரம் நசீர் லொறியின் பின்கதவைத் திறந்து பலகை வைத்தார். வெள்ளையன் ஏறவில்லை. நசீர் இழுத்தார், நான் தள்ளினேன். கடைசியில் கணேசலிங்கமே லொறிக்குள் ஏறி, "வா ராசா, காத்து நல்லாயிருக்கு" என்றார். வெள்ளையன் ஏறியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். வெள்ளையனும் இறங்கியது. இப்படி மூன்று தரம்.

நாலாம் தரம் இரண்டு பேரும் உள்ளே நிற்கும்போது நசீர் கதவை அடித்துச் சாத்தினார். "அண்ணை, அது பழகுமட்டும் எங்கட வீட்டில நில்லுங்கோ. சாப்பாடு என்ர பொறுப்பு" என்றார். கணேசலிங்கம் வெள்ளையனின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். லொறி புறப்படும்போது அவருடைய வாய் அசைவது கம்பிக்குள்ளால் தெரிந்தது. இந்தப் பக்கம் அவர் திரும்பவில்லை. யோகமலர் றோட்டு வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தா.

"நான் மாட்டைத்தானே ஐயா குடுக்கச் சொன்னனான்."

முப்பத்தாறு வாயைத் திறந்து பார்த்த எனக்கு எந்த வாய் எதற்குத் திறக்கும் என்று இன்னும் பிடிபடவில்லை, ஆனால் பொழுதுபட்டபோது திடலில் மிஞ்சியது கறுவல் ஒன்று, யோகமலர் ஒருவர், நான் ஒருவன், ஆக மூன்று.