வெந்நீர் என் பொறுப்பு

நாடகம் எழுதுவதும் நடிப்பதும் எங்கள் வேலையல்ல. எழுதுகிறவர்களுக்கும் நடிக்கிறவர்களுக்கும் ஹால் சாவி வாங்கி வைத்திருப்பதுதான் எங்கள் வேலை. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் மேடைக்குப் பின்னால் மைக் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில், பே ஏரியாவில் ஒரு சிறிய நாடக அமைப்பில் இருக்கிறேன். வியட்நாம், பிலிப்பைன்ஸ், கொரியா, சீனா என்று அந்தப் பக்கத்துக் குடும்பங்களிலிருந்து கலைஞர்கள் எங்களிடம் வருவார்கள். தனியே உட்கார்ந்து எழுதிக்கொண்டு வரக் கூடாது; ஒரு பேட்டை ஜனங்களோடு சேர்ந்து உருவாக்க வேண்டும். ஜனங்களைச் சேர்ப்பதும் நாங்கள்தான்.

சனிக்கிழமை

லின் இங்கேயே பிறந்த வியட்நாமியப் பெண். கை கால் நகங்களைச் சீவிப் பாலிஷ் போடும் நகக்கடையில் வேலை செய்யும் பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே நடிக்கும் நாடகம் ஒன்று செய்ய வந்தாள். முதல் கூட்டத்தைச் சனிக்கிழமை மதியம் வைத்தேன். எல்லோருக்கும் லீவுதானே. சாப்பாடு வந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். ஒருவரும் வரவில்லை. ஃப்ரீவேயை ஒட்டியிருந்த அவர்கள் கடைக்கே போனோம். வாரம் முழுக்க வராத வாடிக்கையாளர் கூட்டம் அங்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

கடையில் மூத்தவர் ஹோவா. லின் அவரை 'கோ ஹோவா' என்பாள். கோ என்றால் அத்தை. அத்தை ஒரு வெள்ளைக்காரியின் பாதத்திலிருந்து தலையைத் தூக்காமலே வியட்நாமிய மொழியில் ஏதோ சொன்னார். லின் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்: "இந்த நேரத்தைக் குறிச்ச பொம்பளைக்கு நகமே கிடையாதான்னு கேக்கறாங்க."

கொய்யாப்பழம்

நாடகத்துக்குக் காரணமே லின்னின் அம்மாதான். அதே கடையில், ஹோவா அத்தைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, அடுத்தவர் கால்களைக் கழுவி மகளைப் படிக்கவைத்தவர். முதுகு போனதும் நின்றுவிட்டார். அம்மா நடிக்க வேண்டும், குறைந்தபட்சம் வந்து பார்க்கவாவது வேண்டும் என்பது லின்னின் ஆசை. வயதில் மூத்த ஒருவர் கூட வந்தால் மறுக்க மாட்டார் என்று என்னை அழைத்துப் போனாள்.

அவர் கொய்யாவை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் வைத்துத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எங்கள் அமைப்பின் நோக்கங்களை நான் சொல்லி முடித்தபோது தட்டு காலியாகியிருந்தது. மகளைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் எனக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷில்: "உன்னை அந்தக் கடைக்குள்ள விடக் கூடாதுன்னுதான் நான் உள்ள கிடந்தேன். நீ டிக்கெட் போட்டு ஊரையே உள்ள கூப்பிடறே."

மூச்சுப் பயிற்சி

ஒத்திகை திங்கள் சாயங்காலத்துக்கு மாறியது. அன்றுதான் கடையில் கூட்டம் குறைவு. நான்கு பேர் வந்தார்கள். லின் கல்லூரியில் கற்ற முறைப்படி விளக்கைக் குறைத்து, பாயில் படுக்கவைத்து, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னாள். உடம்பில் எங்கே வலி தேங்கியிருக்கிறதோ அங்கிருந்து கதை வரும் என்றாள்.

குறட்டைதான் வந்தது. லின் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அடுத்து ஹாலை எடுத்திருந்த யோகா வகுப்பினர் கதவைத் தட்டும்வரை ஒருவரும் எழவில்லை. ஹோவா அத்தை முடியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "நாடகம்னா இதுதான்னு முன்னாடியே சொல்லியிருந்தா சனிக்கிழமையே வந்திருப்போமே."

யாருக்கு எந்த வேஷம்

கடைசியில் மேடையையே நகக்கடையாகப் போடுவது என்று முடிவானது. வேஷம் பிரிக்கும் நாளில்தான் சிக்கல். கடைப் பெண்ணாக நடிக்க ஒருவரும் தயாராக இல்லை. நால்வருக்கும் வாடிக்கையாளர் வேஷம்தான் வேண்டும். போனில் கத்துகிறவள், நிறத்தை மாற்றி மாற்றிக் கேட்கிறவள், நாயோடு வருகிறவள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் நடித்துக் காட்டியதைப் பார்த்து யோகா வகுப்பே வாசலில் நின்று சிரித்தது.

"உங்க கதையை நீங்களே சொல்லணும், அதுக்குத்தானே இவ்வளவும்" என்று லின் கெஞ்சினாள். ஒருவரும் மசியவில்லை. அப்படியானால் அவர்கள் காலடியில் யார் உட்கார்வது? லின்தான். அம்மாவிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். ஹோவா அத்தைக்கு இரக்கமே இல்லை: "நாள் பூரா நான் நானாத்தான் இருக்கேன். திங்கக்கிழமை சாயங்காலமும் நானேவா?"

டிக்கியில் டப்

காலை ஊறவைக்கும் பிளாஸ்டிக் டப்புகள், ஒரு பெரிய எலக்ட்ரிக் கெட்டில். டப்பில் நிஜமான வெந்நீர் ஆவி பறக்க வேண்டும் என்று லின் சொல்லிவிட்டாள். வெந்நீர் என் பொறுப்பு. பிளசன்டன் ஊரில் மளிகைக் கடை பார்க்கிங்கில் டிக்கியைத் திறந்தபோது கவிதா பார்த்துவிட்டாள். சங்கத்தில் என்னோடு மைக் வயர் பிடித்தவள்.

"எதுக்குடி இத்தனை டப்பு?"

"ட்ராமாவுக்கு. வியட்நாம்காரங்களது."

அரிசி மூட்டையை என் டிக்கியின் விளிம்பில் வைத்துவிட்டு யோசித்தாள். "நம்ம பசங்க ட்ராமாவுக்குக் கூப்பிட்டா டயர்டா இருக்குன்னே. பெடிக்யூர் ஃப்ரீன்னா சொல்லு, நானும் ஹெல்ப் பண்ண வர்றேன்."

நான்காவது நாற்காலி

நாடகத்தன்று நால்வரில் ஒருத்தி காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவள் நாற்காலியையும் டப்பையும் மேடையிலிருந்து எடுக்க எனக்கு நேரமில்லை. முன்வரிசையில் லின்னின் அம்மா. ஹோவா அத்தை காரில் ஏற்றி வந்திருந்தார், என்ன சொல்லி என்று தெரியாது.

லின் டப்பைத் தூக்கி வந்து அத்தையின் காலடியில் முழங்காலிட்டாள். அம்மா எழுந்தார். நேராக மேடைக்கு ஏறி, மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். லின் எழவில்லை. இதுவும் நாடகம் என்று நினைத்துச் சபை பார்த்துக்கொண்டிருந்தது. மேடையோரத்து சைட் விங்கில் நான் கெட்டிலோடு நின்றிருந்தேன். போனில் கத்துகிறவளாக நடித்த ஹோவா அத்தை போனைக் காதிலிருந்து எடுக்காமலே விரலைச் சொடுக்கினார்: "ஹலோ, என் இன்னொரு கால் பாக்கியிருக்கு."

சபை சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. தன் பக்கத்து ஸ்டூலில் வருடக்கணக்காக இருந்தவரை, இப்போது காலை நீட்டி உட்கார்ந்திருப்பவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளின் கையை விட்டார். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார், செருப்பைக் கழற்றினார், டப்பில் காலை வைத்தார். லின் முழங்காலாலேயே நகர்ந்து அங்கே போனாள். அம்மா அவள் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு, கடையில் வாடிக்கையாளர்களிடம் காலமெல்லாம் கேட்ட அதே இங்கிலீஷில் சொன்னார்: "தண்ணி ஆறிப்போச்சு. வேற கொண்டு வா."

ஆக, கலைக்கு நான் செய்த தொண்டு ஒரு கெட்டில் வெந்நீரோடு ஓடியது மட்டும்தான். அடுத்து கொரியர்கள் வருகிறார்கள், கெட்டில் இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது.