அத்தை கேட்ட கதவு

எங்கள் வீட்டில் ஒரு கதவைச் சாத்துவதற்காக ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை நடந்தது. வாசல் கதவு அல்ல, பீரோ கதவும் அல்ல. பாத்ரூம் கதவு. அப்போது எனக்கு எட்டு வயது. அந்தச் சண்டையில் நான் மாமா கட்சி. மாமா கட்சியில் இருந்தால் மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து கடற்கரை வரை போய்வரலாம், திரும்பும்போது க்ரீம் பன் கிடைக்கும். அத்தை கட்சியில் இருந்தால் ஒன்றும் கிடைக்காது. நியாயம் எந்தப் பக்கம் என்று பார்க்க அந்த வயதில் என்னிடம் வேறு அளவுகோல் இல்லை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரசாங்க ஆபீசில் வேலை, லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் தனி ஆளாக இருந்தாள். ஸ்கூட்டரில் போவாள், ஸ்கூட்டரில் வருவாள். யாரிடமும் எதையும் கேட்கமாட்டாள், தன்னை யாரும் எதுவும் கேட்பதும் பிடிக்காது. லீவுக்கு நான் அங்கே போனால் அவள் குளித்து முடிப்பதற்குள் எனக்குப் பொழுது விடிந்து அடைந்துவிடும். அவசரம் தாங்காமல் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஓர் அதட்டல் வரும். அதற்குப் பிறகும் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கொஞ்சமும் அவசரமில்லாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் ஆபீஸ் போகிற வழியில், ரோட்டில் கொட்டிக் கிடந்த மணலில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தாள். முதுகில் அடி. பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தும் கால்கள் இரண்டும் திரும்பி வரவில்லை. இனிமேல் சக்கர நாற்காலிதான் என்றார்கள். ஆனால் கைகளில் நல்ல பலம் இருக்கிறது, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வாள் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அத்தையை எங்கள் வீட்டுக்கே அழைத்து வருவது என்று அப்பாவும் அம்மாவும் முடிவு செய்தார்கள்.

எங்கள் வீடு மீனவர்கள் வாழும் வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில், பிரெஞ்சுக்காரன் காலத்தில் கொள்ளுத்தாத்தா கட்டியது. சுவரெல்லாம் சுண்ணாம்பு. பின்பக்க நடையில், சமையலறையை ஒட்டி, ஒரே ஒரு பாத்ரூம். அதன் வாசலில் சற்றுப் பருமனான ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். அதை அகலமாக்கி, டைல்ஸ் போட்டு, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, கம்பியும் பொருத்த வேண்டும். வேலையை எடுத்துக்கொண்டவர் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. கட்டட கான்ட்ராக்ட் செய்துகொண்டிருந்தார். வெளியாளிடம் கொடுத்தால் மாமாவுக்குக் கோபம் வரும். மாமாவிடம் கொடுத்தால் வேலை எந்த லட்சணத்தில் வந்தாலும் நாங்கள் கோபப்பட முடியாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

மாமா கெட்டவர் அல்ல. ஒரே நேரத்தில் நாலு இடத்தில் வேலை ஒத்துக்கொண்டு, நாலு இடத்துக்கும் போனில் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லுகிற மனிதர், அவ்வளவுதான்.

அத்தை வந்து இறங்கிய அன்று பாத்ரூம் வாசலில் மாமா ரிப்பன் கட்டாத குறையாக நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள பாருங்கக்கா. ஸ்டார் ஓட்டல் தோத்துடும்."

சுவரில் நீல டைல்ஸ், அதில் மீன் படம். எனக்கு வாய் மூடவில்லை. அத்தை நாற்காலியை வாசலில் நிறுத்தி ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு டாய்லெட்டைக் காட்டி, "நீ ஒரு வாட்டி ஒக்காந்து எழுந்து காட்டு தம்பி" என்றாள்.

"நானாக்கா?"

"கால ஊனாத. எனக்கு இல்லாத கால நீ மட்டும் எதுக்கு ஊனற?"

மாமா சிரித்துக்கொண்டே பேண்ட்டோடு உட்கார்ந்தார். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்து எம்பினார். கம்பி ஒரு சட்டி சுண்ணாம்புத் தூளோடு கையோடு வந்துவிட்டது. மாமா தரையில் இருந்தார். எழுந்தபோது பேண்ட்டின் பின்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. காலையில் கழுவிவிட்ட தண்ணீர் வடியாமல் அங்கேயே குளம் கட்டி நின்றிருக்கிறது. ஒரே விழுகையில் இரண்டு குற்றம் வெளியே வந்துவிட்டது. நான் சிரித்தேன், மாமாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அத்தை சிரிக்கவே இல்லை.

சுவரை மறுபக்கம் வரை துளைத்து, வெளியே இரும்புப் பட்டை கொடுத்து கம்பியை முடுக்கினார்கள். தரையைப் பெயர்த்து, தண்ணீர் வடிகிற வாட்டம் பார்த்துத் திரும்பப் போட்டார்கள். அதற்கே தீபாவளி வந்துவிட்டது. அதுவரை நாங்கள் பக்கத்து வீட்டுக்கு ஓடினோம். அத்தைக்கு எல்லாமே அவள் அறையில்தான். எல்லாவற்றையும் அம்மாதான் செய்தாள்.

அதற்குப் பிறகுதான் கதவு.

வாசலை அகலமாக்கும்போது நிலையைச் சாய்வாக வைத்துவிட்டிருந்தார்கள். கதவை இழுத்துச் சாத்தினால் மேல் மூலை போய் நிலையில் இடித்துக்கொண்டு நிற்கும், கீழே நாலு விரல் சந்து. கையை எடுத்தால் அதுவும் போச்சு, கதவு தானாகவே மெல்லத் திறந்துகொள்ளும். தாழ்ப்பாள் ஒரு பக்கம், அது நுழைய வேண்டிய ஓட்டை இன்னொரு பக்கம். ஆசாரி வந்து மூலையைச் சீவினார். இடிப்பது நின்றது, தானாகத் திறப்பது நிற்கவில்லை.

"மாதா சத்தியமா நிலை நேராத்தான்க்கா நிக்குது. மழை ஈரத்துல கதவு உப்பிப் போச்சு" என்றார் மாமா.

அத்தை அம்மாவின் தையல் நூலை வாங்கினாள். நாற்காலிக் கையில் மாட்டியிருந்த செபமாலையை அதன் நுனியில் கட்டினாள். "மாதா மேலதான சத்தியம் பண்ண? மாதாவே பாத்துச் சொல்லட்டும். எனக்கு எட்டாது. பாப்பாவத் தூக்கிக்கோ."

மாமா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். நூலை நிலையின் உச்சியில் வைத்து நான் பிடித்தேன். செபமாலை ஆடி ஆடி, கடைசியில் நின்றது. மேலே நிலையை ஒட்டியிருந்த நூல் கீழே மூன்று விரல் விலகித் தொங்கியது. பெரிய காரியம் செய்துவிட்ட பெருமையில் நான் மாமாவின் தலையைத் தட்டி, "மாமா, கீழ பாருங்க, எவ்ளோ சந்து!" என்று கத்தினேன். மாமா என்னை இறக்கிவிட்டார். அன்றைக்கு க்ரீம் பன் இல்லை.

"இதை எடுத்து வைக்கணும்னா செவுத்த ஒடைக்கணும்க்கா. இந்தப் பக்கத்து டைல்ஸ் பூராப் போயிடும். ஒரு ஸ்கிரீன் போட்டுக்கலாமே. கதவுதான?" என்றார். மறுநாள் அவரே ரோஜாப்பூ போட்ட ஸ்கிரீன் துணி ஒன்றை வாங்கிவந்து மாட்டிவிட்டுப் போனார்.

இனி யார் பேசுவது? அப்பா பேசினால் மச்சானை அவமானப்படுத்தியதாகும். அம்மா பேசினால் கூடப்பிறந்தவனை விட்டுக்கொடுத்ததாகும். அத்தை பேசினாலோ, கேட்கவே வேண்டாம், நாத்தனார் வந்த அன்றே வேலையைக் காட்டிவிட்டாள் என்று அம்மாவின் பிறந்த வீடு முழுக்கப் பேசும். அத்தை எதைப் பற்றியும் கவலைப்படவில்லை. தினமும் காலையில், ஆபீஸ் திறக்கிற நேரத்துக்கு, மாமாவுக்குப் போன் போடுவாள். ஹலோ கிடையாது. "கதவு எப்போ?" அவ்வளவுதான். மாமா போனை எடுக்காமல் விட ஆரம்பித்தார். அத்தை அப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டாள். அதையும் எடுக்காதபோது பக்கத்து வீட்டுக்காரரின் போனை என்னை விட்டு வாங்கிவரச் சொன்னாள்.

ஒருநாள் அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "எல்லாத்தையும்தான் சரி பண்ணிக் குடுத்துட்டானேக்கா. நான்தான் கூடவே இருக்கேன். கதவு எதுக்கு?"

"நீ கூடவே இருக்கறதுனாலதாம்மா கேக்கறேன்" என்றாள் அத்தை.

அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. ராத்திரி பகல் பார்க்காமல் செய்கிறவளிடம் சொல்லுகிற வார்த்தையா இது என்று எனக்கும் அத்தை மேல் கோபமாக வந்தது. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. கம்பி வந்த பிறகும் அம்மாதான் அத்தையைக் குளிப்பாட்டினாள், துவட்டினாள், நைட்டி மாட்டிவிட்டாள், எல்லாம் வாயைத் திறக்காமல். குழம்பு போதுமா என்று கேட்கவும், போதும் என்று சொல்லவும் நடுவில் நான் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தேன்.

மழை விட்ட ஒரு காலை நேரம். கடல் காற்று வீட்டைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் அடித்தது. வைத்திக்குப்பத்திலிருந்து வருகிற மீன்கார அம்மா, வழக்கம்போலப் பின்வழியாகக் கூடையோடு நடைக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து ஸ்கிரீன் எழும்பிப் பறந்து மேலே கம்பியில் சுருட்டிக்கொண்டது. உள்ளே அத்தை உட்கார்ந்திருக்கிறாள், அம்மா சோப்புக் கையோடு நிற்கிறாள். மீன்கார அம்மா நல்லவள். பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் போதும். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, எம்மா! ஸ்கூட்டர்ல பறந்துக்கினு இருந்த பொண்ணாச்சே. ஒன்ன இப்டியா பாக்கணும்? கடவுளுக்குக் கண்ணில்லையே!" என்று அங்கேயே நின்று அழுதாள்.

அத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். துண்டு பக்கத்திலேயே இருந்தது, அவள் அதை எடுக்கவில்லை. முகத்தைத்தான் மூடிக்கொண்டாள். மூட வேண்டியதை விட்டுவிட்டு எதை மூடுகிறாள் பார் என்று நான் நினைத்தேன். அம்மா பாய்ந்து ஸ்கிரீனை இழுத்து இரண்டு பக்கமும் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூடை வாசலைத் தாண்டுகிற வரைக்கும் அப்படியே நின்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை.

மத்தியானம் சாப்பாடு ஆனதும், அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்க் கடப்பாரை வாங்கிக்கொண்டு வந்தாள். டம்ளரைக்கூடச் சத்தம் வராமல் கீழே வைக்கிற அம்மா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிலையின் ஓரத்தில் ஓங்கிக் குத்தினாள். மீன் படம் போட்ட டைல் ஒன்று தெறித்து என் காலடியில் விழுந்தது. அப்பா தூக்கம் கலைந்து ஓடிவந்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"சீக்கிரம் வாய்யா. உங்கக்கா வீட்ட இடிக்கிறா" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது.

இந்த முறை மாமா நிஜமாகவே இதோ வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை. அவர் வரும்போது நிலை நடையில் படுத்திருந்தது.

"என்னாக்கா இது! நாளைக்கே ஆள அனுப்பியிருப்பேனே!"

"ஆள் வேணாம். நீ வை."

"ஒனக்குத் தம்பி பெருசா, ஒன் நாத்தனா பெருசா?"

"கதவு பெருசு" என்றாள் அம்மா. தலையெல்லாம் சுண்ணாம்பு. கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை. "நேரா வைக்கற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன். காபி கெடையாது, ஒண்ணும் கெடையாது."

மாமா வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். சிமென்ட் கலக்கியது, கல் எடுத்துக் கொடுத்தது, முட்டுக் கொடுத்தது எல்லாம் அவர்தான். ஒரு பக்கம் அத்தை நாற்காலியில், இன்னொரு பக்கம் அம்மா கடப்பாரையோடு. இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா நிலையை நிறுத்தியதும் அத்தை கேட்பதற்கு முன்னாலேயே என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நான் நூலைப் பிடித்தேன். செபமாலை ஆடி நின்றது. மேலிருந்து கீழ்வரை நிலையோடு ஒட்டி நின்றது. மாமா மூச்சு விட்டது என் தொடையில் சூடாகப் பட்டது.

ஈரம் காய்ந்து கதவு மாட்டிய பிறகு, அத்தை குளிக்கப் போன முதல் காலை. மாமாவும் வந்திருந்தார். அம்மா பழக்க தோஷத்தில் சோப்பு டப்பாவும் துண்டுமாகப் பின்னால் போனாள். அத்தை வாசலில் திரும்பி அவற்றை அம்மாவின் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே உருட்டிக்கொண்டு போனாள். கதவில் கட்டியிருந்த நாடாவைப் பிடித்து இழுத்தாள். கதவு எங்கேயும் இடிக்காமல் வந்து உட்கார்ந்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

வெளியே நாங்கள் நாலு பேரும் நின்றோம். அம்மாவின் கைகள் காலியாக இருந்தன, அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தாள். ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் அப்பா கதவுக்கு ஓரடி நெருங்கினார். எனக்கு ஸ்கூல் வேன் வருகிற நேரம். அவசரம் வேறு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"உள்ள ஆள் இருக்கு! தட்டாத!"

லாஸ்பேட்டையில் கேட்ட அதே அதட்டல். அதற்குப் பிறகு அந்தக் குரலை இன்றைக்குத்தான் திரும்பக் கேட்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். மாமா குழாயடிக்குப் போய் முகம் கழுவினார், வெகுநேரம் கழுவினார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டு, சுவரை இடித்து, மீன் படத்தை உடைத்து ஒரு கதவு வைத்தால், வைத்தவர்கள் எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு அத்தை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். போதாததற்கு அதட்டுகிறாள். இதில் இவர்களுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம்? யாரையாவது கேட்கலாம் என்றால் ஒருவரும் என் பக்கம் திரும்புவதாக இல்லை. நான் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றேன். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கொஞ்சமும் அவசரமில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.