தண்ணீரை நிறுத்திய கோடை

தண்ணீர் குடிப்பதை நிறுத்தினால் கல்லீரலில் இருக்கும் நீர்க்கட்டிகள் வற்றிப்போகும் என்று நம்பினேன். அதுவும் தில்லியின் ஜூன் மாதத்தில். மத்திய அரசுக் கோப்புகளைப் பார்த்தே நரைத்தவன் நான். வரவை நிறுத்தினால் இருப்பு குறையத்தானே வேண்டும்?

அதற்கு முன்பு அதைத் தொப்பை என்று நினைத்து, மோதி பாக் குடியிருப்புப் பூங்காவில் நடையாய் நடந்தேன். கைகால் மெலிந்ததே தவிர வயிறு முன்னால் வந்துகொண்டே இருந்தது. நாலு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. ஸ்கேன் எடுத்தால், கல்லீரல் முழுக்கத் திராட்சைக் குலை மாதிரி நீர்க்கட்டிகள். பெரிய டாக்டரைப் பார்க்கும் நாள் வருவதற்குள் இணையத்தில் மேய்ந்தேன். கடைசி வழி 'கல்லீரல் மாற்று அறுவை' என்று போட்டிருந்தது. மகள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டாள்.

"இதுக்கா முழிக்கறீங்க? என்னோடதுல பாதி எடுத்துக்கோங்கப்பா. திரும்ப வளந்துடும்" என்றாள், சப்பாத்தியைப் பிய்த்தபடி.

அவள்மேல் கத்தி படக்கூடாது. அதற்குத்தான் என் தண்ணீர் விரதம்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் மூவரும் சாணக்யபுரியில் நம் மாநில விருந்தினர் இல்லத்துக்குச் சாப்பிடப் போனோம். ரசம் வந்தது. தட்டைக் கையால் மறைத்தேன்.

"ரசம் வேண்டாமா? என்னத்த ஒளிக்கறீங்க?" என்றாள் மனைவி.

"அதுவும் தண்ணிதானே. கட்டி வத்தட்டும்."

"அச்சா. மூளை முந்திக்கிச்சு போல."

பதிலடி கொடுக்க எழுந்தேன். கண் இருட்டி, பக்கத்து மேஜைக்காரரின் அப்பளத்தின்மேல் சாய்ந்தேன்.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் இந்தியில் பொறுமையாகத் திட்டினார். கட்டிக்குள் இருப்பது நான் குடிக்கும் தண்ணீர் அல்ல, கட்டியின் சுவரே சுரப்பது. இத்தனைக்கும் நடுவில் கல்லீரல் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, மாற்ற வேண்டியதில்லை. வயிற்றை நெருக்கும் பெரிய கட்டியை மட்டும் ஊசி செருகி வடிக்கலாம். வலப்பக்கம் திடீரென்று கடுமையாக வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரவேண்டும். கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம்.

'மாற்ற வேண்டியதில்லை' என்பதற்குப் பிறகு எனக்கு எதுவும் சரியாகக் காதில் ஏறவில்லை. மகளைப் பார்த்துக் கண்ணடித்தேன். டாக்டரும் அவளைப் பார்த்தார்.

"இது பரம்பரையா வரக்கூடியது. பொண்ணுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார்.

என் பெரிய கட்டியை வடித்தார்கள். சோறு இறங்குகிறது. கட்டி மறுபடி நிறையலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மகளுக்கும் ஸ்கேன் எடுத்தோம். அவள் கல்லீரலிலும் சின்னச் சின்னதாக நீர்க்கட்டிகள் இருந்தன.