பால் பொங்கிய புதன்கிழமை

எங்கள் வீட்டுக்குப் படிவம் என்று ஒன்று வந்தால் முதலில் பெரிய மாமாவுக்குத்தான் ஃபோன் போகும். அம்மாவின் அண்ணன். துன் என்ற பக்கத்து நகரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். எங்கள் ஆட்களில் முதலில் சுவிசுக்கு வந்தவர் என்பதால் இந்த நாட்டுச் சட்டமெல்லாம் தன்னைக் கேட்டுத்தான் எழுதப்பட்டது போலக் கதைப்பார்.

எனக்கு எட்டு வயதாகப் போகும் குளிர்காலத்தில் வந்த படிவம் வீட்டுக்கானது. அரசாங்க உதவியோடு குறைந்த வாடகைக்கு விடப்படும் வீடு. அப்போது நாங்கள் பேர்ன் நகரத்தின் ஓரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தோம். நானும் தம்பியும் படுத்த அறையின் சுவரில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அம்மா வினாகிரி போட்டுத் துடைப்பார். அடுத்த கிழமை அது திரும்பி வந்துவிடும். தம்பி விடிய விடிய இருமுவான். பிள்ளையை அந்தச் சுவரிடமிருந்து எடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

அந்தப் புது வீட்டை நாங்கள் ஒரு தடவை போய்ப் பார்த்தும் இருந்தோம். மூன்றாம் மாடி. பார்க்க வந்தவர்களின் வரிசை படிக்கட்டில் கீழ்வரை நின்றது. உள்ளே ஐந்து நிமிடம்தான் விட்டார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குள் நான் என் அறையைத் தெரிவுசெய்துவிட்டேன். சின்ன அறை. யன்னலால் மலைகள் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து குசினி மேசையில் படிவத்தை விரித்தார். பேர்னில் இத்தனை வருடம் இருந்திருக்க வேண்டும், இருந்தோம். அறைகளுக்கு ஏற்ற அளவு ஆட்கள் வேண்டும். நாலு பேர் இருந்தோம். வீட்டு வருமானம் ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. அங்கேதான் மாமாவின் பேனை நின்றது. அப்பாவின் ஆஸ்பத்திரிக் குசினிச் சம்பளம் மட்டும் என்றால் வீடு அனேகமாகக் கிடைக்கும். ஆனால் அம்மா நாலு மாதமாக ஒரு துப்புரவுக் கொம்பனியில் மணித்தியாலக் கணக்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வாடகைக்கு இருந்தவர்கள் வெளிக்கிட்டதும், சாவி கைமாற முன்னர் வீட்டைக் கழுவித் துடைத்துக் கொடுக்கும் வேலை.

"போன வருசத்து வரிக் கடிதத்தில அந்த வேலை இல்லை, தங்கச்சி," என்றார் மாமா. "எழுதாட்டி ஒருத்தருக்கும் தெரியாது."

அம்மா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"முழங்காலில நிண்டு செய்யிற வேலை, அண்ணை. அதைச் செய்யேல்லை எண்டு நான் எழுதமாட்டன்."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளையின் இருமலைவிட உனக்கு ரோசம் பெரிதா என்று கேட்டார். அப்பா ஆறிப்போன தேநீரைத் திரும்பத் திரும்ப ஆற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மாவே பேனையை வாங்கி எழுதினார்.

பிறகு எல்லோரும் காத்திருந்தோம். கடிதப் பெட்டியைத் திறக்கும் வேலையை நான் கேட்டேன், அம்மா தரவில்லை. என் பிறந்தநாள் வந்து போனது. அடுத்த புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வா என்று அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கையில் இரண்டு பைகள். பஸ்சால் இறங்கியதுமே எனக்கு அந்த வீதி தெரிந்துவிட்டது. மூன்றாம் மாடிக்கு ஏறி, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அம்மா கதவைத் திறந்தார்.

ஒரு வீட்டின் சாவி அம்மாவின் கையில் இருந்தால் அது யாருடைய வீடு? நான் வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

உள்ளே ஒரு சாமான் இல்லை. வெயில் மட்டும் நிலம் முழுவதும் படுத்திருந்தது. நான் காலுறையோடு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை சறுக்கினேன். என் பெயரை நானே கூப்பிட, அது மற்ற அறையிலிருந்து வந்தது. மலைகள் யன்னலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிற மாதிரியான நாள் அது. என் அறையின் நடுவில் மல்லாந்து படுத்து, கட்டில் இங்கே, மேசை அங்கே, தம்பி வந்தால் கதவைச் சாத்துவது என்று முடிவு செய்துகொண்டிருந்தவள் நித்திரையாகிப் போனேன். அம்மா தண்ணீர் வார்க்கும் சத்தமும் துணி பிழியும் சத்தமும் நித்திரைக்குள்ளே தூரத்தில் கேட்டபடி இருந்தன. கண் விழித்தபோது வெயில் சுவரில் ஏறியிருந்தது.

குசினி பளபளவென்று இருந்தது. அடுப்பின் கண்ணாடியில் முகம் பார்க்கலாம். அம்மா இரண்டாவது பையிலிருந்து துவாயில் சுற்றிய எங்கள் வீட்டுச் சின்னப் பால் சட்டியை எடுத்தார். அரை லீட்டர் பாலை அதில் ஊற்றி, இவ்வளவு நேரமும் தேய்த்த அடுப்பிலேயே வைத்தார். புது வீட்டுக்குப் போகிறவர்கள் பால் காய்ச்சுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டில் பால் ஏறினால் ஓடிப்போய் இறக்குகிற அம்மா, அன்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். பால் பொங்கி, அடுப்பெல்லாம் வழிந்து, தீய்ந்து மணந்தது.

"அம்மா, இது எங்கட வீடோ?"

"ஓம் பிள்ளை. இண்டைக்கு எங்கட வீடுதான்."

இரண்டு பேரும் நிலத்தில் குந்தியிருந்து சீனி போட்டுப் பால் குடித்தோம். அதன் பிறகு அம்மா பிளேட் பூட்டிய சுரண்டியை எடுத்து, தீய்ந்த பாலைத் துளித் துளியாகச் சுரண்டி, மணம் போக எல்லா யன்னலையும் திறந்துவிட்டார். போகும்போது கதவை இரண்டு தரம் பூட்டினார்.

அன்றிரவே நான் என் சாமான்களை ஒரு கடதாசிப் பையில் அடுக்கி வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பை கோடை வரை அங்கேயே இருந்தது. அம்மா கூட்டும்போது அதைத் தூக்கி வைத்துக் கூட்டிவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைப்பார். எப்போது போகிறோம் என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். தம்பி அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று குளிர்காலம் இருமினான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அம்மாவில் கொஞ்சம் கோபம் வரும்.

போன மாதம், எனக்கே ஒரு வீட்டுக்கு விண்ணப்பிக்கப் பழைய பத்திரங்கள் தேவைப்பட்டன. அம்மா அடுக்கி வைத்திருந்த கோப்புகளைப் புரட்டியபோது அந்தக் கடிதம் வந்தது. வருமானம் எல்லையைத் தாண்டுவதால் வீடு தர முடியவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். தாண்டியது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சம் முழுவதும் அம்மாவின் துப்புரவுச் சம்பளம். திகதியைப் பார்த்தேன். என் பிறந்தநாளுக்கு முந்திய கிழமை. அம்மா சாவியோடு என்னைக் கூட்டிக்கொண்டு போன புதன்கிழமைக்கு முன்னமே வந்திருக்கிறது.

அம்மா அடுத்த அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். கோப்பைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன். அந்தப் புதன்கிழமை அம்மா என்னிடம் பொய் சொல்லவில்லை. "எங்கட வீடு" என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. "இண்டைக்கு" என்று சொன்னதை எட்டு வயதில் நான் கேட்கவேயில்லை.