சலவை அறை நால்வரும் அண்ணையின் அடிக்குரலும்

எங்கள் அண்ணை மன்னாரில் பிறந்தவர். மாதா கோயில் பாடகர் குழாமில், மற்றக் குரல்களைத் தாங்கும் தாழ்ந்த அடிக்குரல் பாடியவர். அடிக்குரலை எவரும் கவனிப்பதில்லை. அது நின்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

போர் அவரைத் தனியே டென்மார்க்குக்கு அனுப்பியது. முன்பே அங்கு வந்திருந்த நான்தான் அண்ணியை அழைக்கும் விண்ணப்பத்தை நிரப்பினேன். குடிவரவு அலுவலகத்தின் பதில் ஒரே வரி: “உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.” நினைவூட்டினால் அதே வரி, புதிய திகதியுடன். தமிழரின் விண்ணப்பங்களை நீதி அமைச்சரே வேண்டுமென்றே ஒதுக்கி வைக்கச் சொன்னார் என்பது பிற்பாடு நாடறிந்த வழக்காயிற்று. அதுவரை நான் என் கையெழுத்தில் பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலையில் அண்ணையோடு வேலை செய்த தமிழர் மூவரும் மனைவியருக்காகக் காத்திருந்தவர்களே. டெனிஷ் தோழர் ஒருவர் தந்த ஒலிநாடாவில் பழைய அமெரிக்க ‘டூ-வாப்’ பாட்டை நால்வரும் கேட்டார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் வாயாலேயே தாளமும் சுருதியும் சேர்ப்பார்கள்.

“இது எங்கட ஆக்களுக்கெண்டே செய்த சங்கீதம். தூக்கிக்கொண்டு ஓடச் சாமான் ஒண்டும் இல்லை,” என்றார் அண்ணை.

கோபன்ஹேகனை அடுத்த இஷொயில் எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ்ச் சலவை அறையில் எதிரொலி நன்று. கிழமைக்கொருமுறை என் பெயரில் நேரம் பதிந்தேன். அயல்வீட்டு அம்மையார் முறைப்பாடு செய்தார், பராமரிப்பாளர் வந்தார். உடுப்புத் தோய்க்க வேண்டும் என்றுதான் விதி, எத்தனை என்று இல்லை என்று காட்டினேன். அதன்பின் கிழமைதோறும் நான்கு வெள்ளைச் சேட்டுகள் இயந்திரத்தில் சுழன்றன. டென்மார்க்கிலேயே சுத்தமான பாடகர்கள் இவர்கள்தான்.

அவர்களின் சொந்தப் பாட்டு அலுவலகத்தின் அந்த ஒரு வரியே. மூவரும் அதை டெனிஷில் இனிமையாக இழுக்க, அண்ணை அடியில் “வென்ட், வென்ட்” என்பார். ‘பொறு’ என்று பொருள். குடியிருப்பு விழாவில் பாடியபோது சனம் சிரித்தது. மூன்றாம் முறை அதே வரி வந்தபோது சிரிப்பு நின்றது. முறைப்பாடு செய்த அம்மையாரே எங்களுக்காக அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்.

கடைசியில் அண்ணி வந்தார். விமான நிலையத்தில் பாட அனுமதி பெறவேண்டும். எந்தப் படிவம் என்பதும் எனக்குத் தெரியும். அதைத் தேடாமல் நால்வரையும் பாடவிட்டேன். பாட்டின் நடுவே கதவு திறந்தது. அடிக்குரல் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

இன்று நால்வரின் பிள்ளைகளும் அதைப் பாடுகிறார்கள், எங்களைவிட நல்ல டெனிஷில்.

மருத்துவமனையில் கடைசி நாட்களிலும் அண்ணை “வென்ட், வென்ட்” என்று முணுமுணுத்தார்.

“அப்ப நான் காத்திருந்தனான்தானே,” என்றார் அண்ணி. “இனி உங்கட முறை. முந்திப் போய் எனக்காகப் பொறுத்திருங்கோ.”

“ஓம்,” என்றார் அண்ணை. அடிக்குரலில்தான்.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், செபித்த குருவானவருக்கும், தோள்கொடுத்த மூவருக்கும், அந்த அம்மையாருக்கும் தனித்தனியே எழுத என்னால் இயலாது. அலுவலகம் பழக்கிய முறைப்படி எல்லோருக்கும் ஒரே வரியில் பதில் தருகிறேன். இந்த வரி உண்மையானது: உங்களை நாங்கள் மறவோம்.