வந்த நாள் நிறம், போன நாள் நிறம்

சாமிகளா, என் பிள்ளைகளா, நேற்று நீங்கள் இருவரும் என் போனில் என்னைப் படம் எடுத்துவிட்டு எதையோ ஒரு தட்டுத் தட்டினீர்கள். என் முகம் மாவு பூசினாற்போல் வெளுத்துவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் அப்புறம் சோறு சரியாக இறங்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் சங்ககிரியில் ஒரு ஸ்டுடியோவில் இருந்தேன். பத்தாவதோடு நின்றவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டான் அல்லவா, சட்டைப் பையில் எழுதாத பேனா ஒன்று எந்நேரமும் இருக்கும். கடை முழுக்க லேமினேஷன் சூட்டு வாசம். இன்றைக்கும் எங்காவது பிளாஸ்டிக் சூடேறும் வாசம் வந்தால் என் கை மவுசைத் தேடும்.

என் வேலை நிறம் திருத்துவது. திரையில் ஒரு கட்டம், அதற்குள் மூலைக்கு மூலை ஒரு கோடு. அதன் பேர் கர்வ்ஸ். கோட்டை நடுவில் பிடித்து மேலே வளைத்தால் படம் வெளுக்கும், கீழே வளைத்தால் கறுக்கும். சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனிக் கோடு. நீலத்தை ஏற்றினால் மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தின் மஞ்சள் வடியும். எங்கள் கடையில் யார் முகம் வந்தாலும் முதலில் வெளுப்பாக ஓர் ஏற்று ஏற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. யாரும் கேட்க வேண்டியதில்லை, இட்லிக்குச் சட்னி மாதிரி.

ஒரு நாள் ஓர் அக்கா, புதிதாகக் கல்யாணமான மகளோடு வந்தார். வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் லாரியில் வடக்கே போன இடத்தில் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். கல்யாணப் படத்தில் மகள் பக்கத்தில் அவர் நிற்க வேண்டும். கூட்டாளி ஒருவர் லாரி விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம்தான் இருந்தது. ஆள் மஞ்சளாக, பாதி நிழலாக இருந்தார்.

அவரை வெட்டி எடுத்து, மகள் பக்கத்தில் நிறுத்தி, மஞ்சளை வடித்து, வழக்கம்போல் ஏற்றினேன்.

"இதாருங்க தம்பி?" என்றார் அக்கா. "பேங்க் மேனேஜராட்ட இருக்குது."

மகள் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கோட்டை இறக்கினேன்.

"இன்னுங் கொஞ்சம்ணா," என்றாள். "அப்பா லாரிய உட்டு எறங்கறப்ப கருகருன்னு இருப்பாரு."

"அத்தன கருப்பு இல்ல அம்மணி. கொஞ்சம் ஏத்துங்க தம்பி."

"இல்லம்மா, எனக்குத் தெரியாதா?"

இருவர் சொன்னதும் நிஜம். ரிக் லாரிக்காரர்கள் மழைக்காலத்தில் வேலை நின்றால்தான் வீடு வருவார்கள். வரும்போது வெயிலில் கரிந்து, காதுமடலில் கல்தூசியோடு வருவார்கள். வீட்டுச் சோறு தின்று நிறம் திரும்புகிற சமயத்தில் கிளம்ப வேண்டும். லாரிச் சத்தம் கேட்டு ரோட்டுக்கு ஓடிய மகளிடம் இருந்தது வந்த நாள் நிறம். கிளம்பும்போது சோறு கட்டிக் கொடுத்தவரிடம் இருந்தது போன நாள் நிறம். கோட்டை இரண்டு இடத்தில் நிறுத்த முடியாது.

"எத வெக்கட்டுங்க்கா?"

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ படந்தானுங்களே. அவ சொல்றபடியே வெச்சுருங்க. எனக்குத்தான் மனசுல இருக்குதே."

"அப்ப என்னையும் எறக்கிருங்கண்ணா," என்றாள் மகள். இறக்கினேன். அதற்கப்புறம்தான் அப்பனும் மகளுமாகத் தெரிந்தார்கள்.

சில வருஷம் போயிற்று. ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள், பழைய கம்ப்யூட்டர் எல்லாம் இரும்புக் கடைக்குப் போனது. நான் தனியாகப் படம் எடுக்க ஆரம்பித்து, அந்த அக்காவின் பேரன் காதுகுத்துக்கு அவர் வீட்டுக்கே போனேன். சுவரில் அந்தப் படம், துடைத்துத் துடைத்துப் பளபளவென்று.

"தெனமும் பாத்துப் பாத்து, இப்பக் கண்ண மூடுனாலும் இந்த மூஞ்சிதானுங்க தம்பி வருது," என்றார் மெதுவாக. "சோத்துமூட்டைய வாங்கிட்டுப் போன மூஞ்சி வரவே மாட்டேங்குதுங்க. அன்னைக்கு நாஞ் சொன்ன அந்த இன்னொரு நெறத்துல ஒண்ணு போட்டுத் தர்றீங்களா?"

சுவரில் இருந்ததையே படம் எடுத்து லேப்டாப்பில் போட்டேன். பந்திச் சத்தத்துக்கு நடுவில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"மெல்ல ஏத்தறனுங்க்கா. அந்த எடம் வந்ததும் நிறுத்தச் சொல்லுங்க."

ஏற்றினேன். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தார், முந்தானையால் துடைத்துக்கொண்டு பார்த்தார். கோடு கட்டத்தின் மேல்விளிம்பைத் தொட்டது, நேற்றைய என் படம்போல் முகம் மாவாகிவிட்டது. அக்கா நிறுத்தச் சொல்லவே இல்லை.