மேலாளரின் மூக்குக்கண்ணாடி

என் அக்கா புருஷன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர். முதலாளி ஒருநாள் கடையை இழுத்து மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். அன்றிலிருந்து அக்கா சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. மாமா சாப்பிடும்போது இரண்டாம் முறை கேட்டு வாங்குவதை நிறுத்திவிட்டார். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

ஒரு மருந்து கம்பெனிக் கிடங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் நானே அவரைத் தயார் செய்தேன்.

"உள்ள போறப்போ எல்லாரும் ஒரே மாதிரிதான் போவாங்க மாமா. வெளிய வர்றப்போதான் நாம மனசுல நிக்கணும். எழுந்திரிங்க, நேரா கண்ணைப் பாருங்க, 'இதை என் சொந்த வேலையா பார்ப்பேன்'னு சொல்லுங்க. கை குடுத்துட்டு வந்துடுங்க."

"கண்ணைப் பார்க்கணுமா?"

"பின்ன, காதையா பார்ப்பீங்க?"

அக்காவை மேலாளராக உட்காரவைத்து ஒத்திகையும் பார்த்தோம். அவள் சிரித்த சிரிப்பில் வேலையைக் கொடுத்தேவிட்டாள்.

நேர்காணல் அன்று நான் கம்பெனி வாசலில் காத்திருந்தேன். மாமா திருதிருவென்று முழித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நீ சொன்ன மாதிரிதான் மாப்ளே. எழுந்தேன். கண்ணைப் பார்த்தேன். கண்ணாடி கோணலா இருந்துச்சு. கழட்டிட்டேன்."

"யார் கண்ணாடிய?"

"மேலாளரோடதுதான். துடைச்சு, காதுல மாட்டுற பக்கத்தை லேசா வளைச்சு, மறுபடியும் மாட்டிவிட்டேன். அப்புறம்தான் எங்க நிக்கிறேன்னே தெரிஞ்சுது."

பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காய் முடிந்த கதைதான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அவர் என்ன சொன்னாரு?"

"'ம்'னாரு."

"கோபமாவா, சந்தோஷமாவா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி முழிக்கிறேன்?"

அந்த ஒரு 'ம்'மை வைத்துக்கொண்டு வீட்டில் பல நாள் வழக்கு நடந்தது. வேலை நிச்சயம் என்றாள் அக்கா. காவலாளியைக் கூப்பிடாமல் விட்டதே பெரிசு என்றேன் நான். மாமா காலையில் கிடைக்கும் என்பார், பல் துலக்கி முடிப்பதற்குள் கிடைக்காது என்பார். மேலாளர் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுங்கள் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொன்னார். கடைசியில் எங்களுக்கும் குழம்பிப்போய்விட்டது.

பிறகு கம்பெனியிலிருந்து போன் வந்தது. நாளைக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அக்கா மாமாவின் தேய்த்த சட்டையையே திரும்பவும் தேய்த்தாள். நானும் வெட்கமில்லாமல், "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் மாமா திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"மேலாளருக்கு இப்போ காது வலியே இல்லையாம். ஆபீஸ்ல எல்லார் கண்ணாடியையும் கொஞ்சம் பார்த்துக் குடுக்கச் சொன்னாரு. டீ குடுத்தாங்க."

"வேலை?" என்றாள் அக்கா.

"அதுக்கு வேற ஆளை எடுத்துட்டாங்க. நல்ல பையன். அவன் கண்ணாடியும் மூக்குலேர்ந்து வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. அதையும் சரி பண்ணிக் குடுத்துட்டுதான் வந்தேன்."